கணவாய்க்கு இந்தப் பக்கம்

குன்வோர் தன் தம்பி தோர்லைஃபை மலைக்குக் கூட்டிப் போனது, அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான். மனைவி மாரித் பிரிந்துபோன நவம்பரிலிருந்து அவன் வேலைக்குப் போவதும், வந்ததும் சோபாவில் சாய்வதுமாக இருந்தான். போனை எடுப்பதில்லை. குன்வோருக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. எந்தத் துக்கத்துக்கும் பனியும் வியர்வையும் போதும் என்று நம்புகிறவள். மார்ச்சில் நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். அவனுடைய பனிச்சறுக்கு ஸ்கீ கட்டைகளை அவளே நிலவறையிலிருந்து தூக்கி வந்து, மெழுகு தேய்த்துக் காரில் ஏற்றினாள். வருகிறாயா என்று கேட்கவில்லை.

சாலை முடியும் இடத்திலிருந்து மலைக்குப் போகிறவர்கள் இரவு தங்கும் ஸ்டெய்ன்பூ குடிலுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். வழிப்பலகையில் கறுப்புக் குறி. பழகியவர்களுக்கு மட்டுமான தடம். கட்டைகள் ஓடுவதற்கு இயந்திரம் ஓட்டிப் பனியில் தடம் வெட்டியிருக்க மாட்டார்கள். பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பனியில் நட்டிருக்கும் பிர்ச் மரக் குச்சிகளைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. உறைந்த ஏரியின் நடுவில் முதுகுப்பைகளின் மேல் உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியும் ஆரஞ்சும் தின்றார்கள். எழுந்திரு, நேரமாகிறது என்று அவள் சொன்னபோது, விசில் கொண்டு வரவில்லையா என்று கேட்டுத் தோர்லைஃப் சிரிக்கக்கூடச் செய்தான். நான்கு மாதத்தில் அவள் பார்த்த முதல் சிரிப்பு.

ஏரி முடிந்ததும் தடம் பிரிந்தது. இடப்பக்கம் பள்ளத்தாக்கில் இறங்கினால் ஐந்து கிலோமீட்டரில் ஒரு பண்ணை. வலப்பக்கம் கணவாய், அதற்கு அப்பால் குடில். தோர்லைஃப் காலணியைக் கழற்றிக் காட்டினான். குதிகால் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. மேற்கே வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்படியே கீழ இறங்கிடலாம். எனக்கு முடியல."

"இன்னும் பத்து கிலோமீட்டர்தான்டா. காத்து சாயங்காலத்துக்கு மேலதான்னு வானிலையில போட்டிருக்கான்."

"நிஜமாவே முடியல."

"முடியல முடியலன்னு நவம்பர்லேருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்க. ஒரு தடவையாவது ஆரம்பிச்சதை முடி."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. அவன் காலணியை மறுபடி மாட்டினான். ஏற்றத்துக்கான பட்டைகளைக் கட்டைகளின் அடியில் ஒட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஏறத் தொடங்கினான்.

ஒரு மணி நேரத்தில் காற்று வந்துவிட்டது. முன்னால் ஒரு குச்சி தெரியும், அடுத்தது தெரியாது. கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, காற்று பனியை வழித்து வெறும் ஐஸாக விட்டிருந்த சரிவில், தோர்லைஃபின் கட்டை வழுக்கியது. அவளைத் தாண்டி உருண்டு போய் ஒரு பாறையில் மோதி நின்றான். அவள் இறங்கிச் சேர்ந்தபோது அவனுடைய தொடை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

போனில் சிக்னல் இல்லை. அவனைக் காற்றுத் தடுப்புப் பைக்குள் நுழைத்து இழுத்துப் பார்த்தாள். ஐந்து அடி போவதற்குள் மயங்கிவிட்டான். மண்வாரியால் பனியில் குழி பறித்து அவனை உள்ளே கிடத்தினாள். தன் இறகு ஜாக்கெட்டையும் அவனுக்கு மேலாக மாட்டிவிட்டாள். குடில்தான் பக்கம். நான்கு கிலோமீட்டர்.

"தூங்கிடாத. பேசிக்கிட்டே இரு," என்றாள்.

"யார்கிட்ட? பனிகிட்டயா?" பிறகு மெதுவாகச் சொன்னான்: "மாரித்துக்குச் சொல்லாத. பாவம் பாத்து வந்து நிப்பா. அது வேணாம்."

அவள் குடிலை அடைய இரண்டு மணி நேரமானது. குடில் காப்பாளர் எல்பியோர் என்ற பெண், உடனே வயர்லெஸ்ஸில் செய்தி சொன்னாள். இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது, மீட்புக் குழு பள்ளத்தாக்கு வழியாக ஏறப் பார்க்கும் என்று பதில் வந்தது. இருவரும் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கணவாயின் உச்சியில் நிற்கவே முடியவில்லை. தவழ்ந்து போனார்கள். ஓர் இடத்துக்கு மேல் குச்சி ஒன்றுகூட இல்லை. காற்று பிடுங்கிப் போயிருந்தது. குன்வோர் மேற்கொண்டு போக எழுந்தாள். எல்பியோர் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

"வேணாங்க. நம்மளையும் சேத்துத் தேட வைக்காதீங்க."

இருவரும் குடிலுக்குத் திரும்பினார்கள். மீட்புக் குழுவும் ஏரிக்கரையோடு நின்றுவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் காற்று அடங்கிய பிறகுதான் அவர்கள் அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். குழியிலேயே கிடந்தான். இரண்டு ஜாக்கெட்டுகளும் கழுத்துவரை பொத்தான் போட்டபடி இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுக்கு ஆறுதலாகத்தான் பேசினார். தொடைக்குள்ளேயே நிறைய ரத்தம் போயிருக்கிறது, இரண்டு மணி நேரம்கூடத் தாங்கியிருக்க மாட்டார், விழுந்த பிறகு நீங்கள் எதைச் செய்திருந்தாலும் மாற்றமில்லை என்றார். குன்வோர் தலையாட்டினாள். விழுந்த பிறகு ஒன்றுமில்லை என்றால், இருந்ததெல்லாம் தடம் பிரிந்த அந்த இடத்தில்தான் இருந்தது.

மேலே போவது என்று யார் முடிவு செய்தது என்று போலீஸ்காரர் கேட்டார். இரண்டு பேரும் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பள்ளியிலிருந்து பூங்கொத்து வந்தது.

ஐந்தாம் நாள் மாரித் கூப்பிட்டாள். யார் சொல்லித் தெரிந்ததோ.

"அவனா போகலாம்னு சொன்னான்?"

"இல்ல. திரும்பிடலாம்னு சொன்னான்."

"நீ?"

"நான் அவன் பேச்சைக் கேக்கல."

திட்டுவாள் என்று குன்வோர் காத்திருந்தாள். மாரித் திட்டவில்லை. சவ அடக்கத்துக்கு வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மாதக் கடைசிக்குள் தோர்லைஃபின் வாடகை வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சாவி குன்வோரிடம் இருந்தது. சனிக்கிழமை அட்டைப் பெட்டிகளோடு போனவள், வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போக முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் முடியவில்லை.