மேல்மாடிக்குப் போன ஸ்கேன்

பொழுது புலருமுன்பே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவை எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ரத்தமும் சீழும் காய்ந்து விறைத்த விரிப்புகளை அவள் அள்ளி அள்ளி உள்ளே திணித்தாள். காரநீரில் வெடித்த விரல்கள் திகுதிகுவென எரிந்தன.

பின்கட்டு அறையில் தூங்கிக்கொண்டிருந்த மகன், கூன் விழுந்தவனைப் போல நடந்து வந்து நின்றான். பதினொரு வயது.

"அம்மா, வயிறு வலிக்குதும்மா."

"பள்ளிக்கூடம்னா உனக்கு எதுதான் வலிக்காது? போய்ப் படு."

திரும்பியவன் துவைத்து வைத்த துணிமேலேயே வாந்தியெடுத்துச் சுருண்டான். அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டுக் குனிந்தார்.

"வயிறு மட்டுந்தானா தம்பி? கீழயும் வலிக்குதா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்தான். வெட்கத்தில் அதுவரை மறைத்திருந்தான்.

ஒரு பக்கம் வீங்கி, விதை மேலேறிக் கிடந்தது. "முறுக்கிக்கிட்டிருக்கும்னு நினைக்கறேன். ரத்தம் போகாது. சில மணி நேரந்தான் தாங்கும்" என்றார் டாக்டர். கையாலேயே திருப்பிப் பார்த்தார். பையன் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பலனில்லை.

அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்கேன் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார் அவர். ஸ்கேன் அறை திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. கட்டிலருகே தள்ளிவந்து பார்க்கும் சின்ன ஸ்கேன் ஒன்று இந்தப் பிரிவுக்கென்றே வாங்கியதுதான். ஆனால் தனியறைக்காரர்களுக்காக அதை மேல்மாடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருந்தார் ஆஸ்பத்திரி முதலாளி. சாவி அவரிடம். போனில் கேட்டதற்கு, "வந்து பாத்துக்கறேன்" என்றார்.

குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாக வந்தார். அதற்குள் பையன் கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் வண்டி கீழே வந்தது. அதன் திரையில் ஒரு பக்கம் ரத்தம் ஓடுவது சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. மறுபக்கம் வெறும் கறுப்பு. டாக்டர் மறுபடி அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அறுத்தபோது அந்த விதை கறுத்துச் செத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். மற்றதாவது திருகாமலிருக்கத் தைத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்த மகன், "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றான். சொல்லமாட்டேன் என்று அவன் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் ஸ்கேன் வண்டி மீண்டும் மேல்மாடியில். அதைத் தள்ளிக்கொண்டு போனவரே அடித்தளத்தில் வந்து சொன்னார். பாய்லர் ஓட்டுகிற 'ஆவி அண்ணன்' நீராவிக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"நம்ம பிள்ளைங்கன்னா கீழ கிடந்து சாகணும். அப்படித்தான? நீ எல்லார் முன்னாலயும் வந்து பேசும்மா. நடந்தது உனக்குத்தான் தெரியும்."

அவள் மகனிடம் போனாள். போர்வையைச் சரிசெய்தாள். அவனே கேட்டான்: "அந்த வண்டி கீழ இருக்கா?"

"இல்லப்பா."

அவன் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான். "அப்ப சொல்லிடு. என் பேர மட்டும் சொல்லாத."

அடித்தளத்தில் எல்லாரும் சலவை எந்திரங்களை நிறுத்தினார்கள். முதலாளி இறங்கி வந்தார்.

"துணி எங்க?"

"கீழ நோயாளிங்களுக்குப் போயிடுச்சு. ஆபரேஷனுக்கும் போயிடுச்சு. மேல்மாடிக்குப் போகாது" என்றார் ஆவி அண்ணன். "வண்டி கீழ வரணும். சாவி டாக்டரம்மாகிட்ட இருக்கணும்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "வயித்துவலின்னு வந்தவன பெத்தவ நீயே விரட்டினியாம். பழி எனக்கா?"

 அவள் தலை குனியவில்லை.

"விரட்டினேன். அது நான் சாகிறவரைக்கும் என்னை அரிக்கும். உங்கள அரிக்கலையே ஐயா, மறுபடி பூட்டிட்டீங்களே."

பிறகு எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். வயிறு என்று மழுப்பாமல், என்ன போயிற்று என்பதைப் பச்சையாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாரையும் வெளிய தள்ளிட்டு வேற ஆள் போடுவேன்" என்றார் முதலாளி.

"வர்றவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும். அவங்ககிட்டயும் சொல்வேன்."

படிக்கட்டில் காலடிச் சத்தம். மேல்மாடி நர்சுகள் அழுக்கு விரிப்பு மூட்டைகளைச் சுமந்து வந்து அவள் பக்கத்தில் இறக்கிவிட்டு, வேலைக்குத் திரும்பாமல் அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். முதலாளியின் கை சட்டைப்பையில் சாவியை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அவள் நகர்ந்து, அடுத்து வருகிறவளுக்கு இடம் விட்டாள்.