செத்த பல்லியும் தைலக் குடுவைகளும்

எருசலேமின் கீழ்த்தெருவில் சப்தி வனையும் தைலக் குடுவைகள் கட்டைவிரல் உயரம்தான். ஆனால் மூடியைத் திறந்தால் எரிகோவில் இருப்பவன் தும்முவான்! ஆலயத்து ஆசாரியர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குக் குடுவையும் தைலமும் அவனே தருவதாகப் பேச்சு. இருந்த ஒரே கழுதையையும் விற்று, என்கேதியிலிருந்து ஒரு ஜாடி பரிமளத் தைலம் வாங்கிவிட்டான்.

குடுவைகளை நிரப்பி அடுக்கிவிட்டு ஜெபத்துக்குப் போனான். கடையைப் பார்த்துக்கொண்டவன் எதிர்க்கடை நெகுன்யா. அவனுக்கும் அதே தொழில். பிறந்த எட்டாம் நாள் முன்தோல் நீக்கும் விருத்தசேதனம் இருவருக்கும் ஒரே நாளில்தான். ஒருவன் அலறியதைக் கேட்டு மற்றவன் அலறினானாம். அவ்வளவு சிநேகம்.

சப்தி திரும்பியபோது நெகுன்யா தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"மோசம் போச்சுடா! ஜாடிக்குள்ள செத்த பல்லி. நீ ஊத்துறதுக்கு முன்னாடியே விழுந்திருக்கு. இப்பத்தான் எடுத்துப் போட்டேன்."

செத்த பல்லி விழுந்த மண்பாண்டம் தீட்டு. கழுவினாலும் போகாது, உடைக்கத்தான் வேண்டும். அந்தத் தைலம் பட்ட குடுவைகளுக்கும் அதே கதி. சப்தி பல்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னவன் நெகுன்யா அல்லவா! அழுதுகொண்டே அத்தனையையும் உடைத்தான். தைலம் யோர்தானைப் போலத் தெருவில் ஓடியது. ஊர் நாய்களெல்லாம் ராணிகள் மாதிரி மணத்துத் திரிந்தன.

ஓடுகளைக் கூட்ட வந்த மனைவி மஹலாத், ஒரு சில்லால் பல்லியைப் புரட்டினாள்.

"ஏங்க, இதுவா எண்ணெய்ல ஊறின பல்லி? சருகாட்டம் காஞ்சு கெடக்கு. மேல இருக்கிற புழுதிகூடப் போகலையே!"

"வாயை மூடு. அவனை எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் கல்யாண வீட்டு ஆட்கள் நெகுன்யாவின் கடையிலிருந்து கூடை கூடையாகத் தைலக் குடுவைகளைச் சுமந்து போனார்கள். சப்தி தெருவைக் கடந்து போய் நின்றான்.

"எப்படா இவ்வளவும் பண்ணினே?"

"ஏதோ கையில இருந்துச்சு. கல்யாணம் நிக்கலாமா? உன் மானத்தையும் சேர்த்துல்ல காப்பாத்தியிருக்கேன்!"

"அந்தப் பல்லி மேல பொட்டு எண்ணெய்கூட இல்லைன்னு மஹலாத் சொல்றா."

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டு என்னையே சந்தேகப்படுறியா? ஆலயத்து மேல சத்தியம் பண்றேன், பாரு!"

நெகுன்யா வலக்கையை உயர்த்தினான்.

சப்திக்குப் பகீரென்றது. பொய்ச் சத்தியம் புகுந்த வீட்டில் கல்லும் மரமும் மிஞ்சாது. உள்ளே நெகுன்யாவின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன. சப்தி எட்டி அந்தக் கையைப் பிடித்தான்.

"வேணாம்டா. சத்தியம் மட்டும் பண்ணாதே."

குற்றமில்லாதவன் என்றால் 'விடுடா, பண்ணியே தீருவேன்' என்று திமிறியிருப்பான், தெருவே கூடியிருக்கும். நெகுன்யாவின் கையோ, யாராவது பிடிக்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோல, இழுக்காமலே கீழே இறங்கியது.

பிடித்த கையை விட்டுவிடத் தோன்றாமல் சப்தி நின்றான்.