முட்டிவலி என்று ஒரு பொய்

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரம் சொட்டும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து அள்ளி வண்டியில் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இருந்தாலும் ஞாயிறு விடிந்தால் போதும், வாசலில் நாத்தனார் வந்து நிற்பாள். நெடுநெடுவென்று வளர்ந்த அவளுக்கு வீட்டில் ஒட்டடைக்குச்சி என்று பெயர்.

"கிளம்புங்க அண்ணி. அண்ணனே டீ போட்டுக்கட்டும், கை என்ன தேய்ஞ்சா போயிடும்?"

ஊருக்கு வெளியே இருந்த மலையில் இருவரும் ஏறுவார்கள். வழி நெடுக வாய் ஓயாது. நாத்தனார் தன் அம்மாவைப் போல, அதாவது இவளுடைய மாமியாரைப் போல, பேசிக்காட்டினால் இவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் அது தொடங்கியது. ஏறும்போது தொந்தரவில்லை. இறங்கும்போது காலை அழுத்தி ஊன்றினாலோ, சிரித்தாலோ சிறுநீர் கசிந்தது. நாப்கின் வைத்துக்கொண்டாள். கறுப்புப் பேண்டுக்கு மாறினாள். தண்ணீரே குடிக்காமல் கிளம்பிப் பார்த்தாள். நாக்கு வறண்டதுதான் மிச்சம். ஒருநாள் பாறையிலிருந்து குதித்து இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொடை வரை நனைந்துவிட்டது. பின்னால் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு அண்ணி?"

"முட்டி பிடிச்சுக்கிச்சு. நீ முன்னால போ."

ஸ்வெட்டரை இடுப்பில் சுற்றிக்கொண்டு எப்படியோ வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறும் முட்டிவலி, அதற்கடுத்த ஞாயிறும் முட்டிவலி. நாத்தனார் தைலம் வாங்கி வந்தாள், முட்டிக்கு உறை வாங்கி வந்தாள். கடைசியில் ஒருநாள் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்:

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா அண்ணி? மனசுல வச்சுக்காம சொல்லிடுங்க."

உண்மை தொண்டை வரை வந்தது. புருஷனுடைய தங்கையிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? வெட்கம் எரிச்சலாக வெளியே வந்தது.

"இருக்கிறது ஒருநாள் லீவு. அதுலயும் மலை மலைன்னு உயிரை வாங்கினா எப்படி? ஆளை விடு."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் அவள் கூப்பிடவில்லை. எங்காவது பார்த்தால் "நல்லா இருக்கீங்களா?" என்பதோடு சரி. அவள் தனியாக மலை ஏறுகிறாள் என்பது கணவன் சொல்லித்தான் தெரியும்.

சில வருஷங்கள் கழித்து நாத்தனாரின் முதுகுத்தண்டில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் கால்கள் எழவில்லை. லீவு போட்டுவிட்டு இவள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். ஒரு காலையில் படுக்கை நனைந்திருந்தது. நாத்தனார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பார்க்காதீங்க அண்ணி. நர்ஸைக் கூப்பிடுங்க."

"நான் பார்க்காத ஈரத்துணியா?" என்று விரிப்பை உருவினாள். உருவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "இந்தக் கூச்சம் எனக்கும் தெரியும்டி. முட்டிவலியெல்லாம் பொய். மலை இறங்கும்போது எனக்கு ஒண்ணுக்குக் கசிஞ்சுது. அதான் வரல."

நாத்தனார் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இதுக்கா? இதுக்கா அண்ணி இவ்வளவு வருஷம்?" நாத்தனார் இவள் கையைப் பற்றினாள். "பையன் பிறந்தப்புறம் எனக்கும் இருந்துச்சு. பிசியோதெரபிக்குப் போய்ப் பயிற்சி செஞ்சேன், சரியாயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு அழுதார்கள்.

"நீங்களும் போங்க அண்ணி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க பேர் என் போன்ல இருக்கு."

மழைக்காலம் முடிவதற்குள் நாத்தனார் போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போன பிறகு, இவள் அந்தப் பிசியோதெரபி பெண்ணைத் தேடிப் போனாள். அவள் பரிசோதித்துவிட்டுச் சொன்னாள்:

"மூத்திரப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குற தசை தளர்ந்திருக்கு. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி அதை உள்ளுக்குள்ள மேல இழுத்துப் பிடிங்க, அப்புறம் முழுசா விடுங்க. விடுறதும் முக்கியம். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காம வெளியே விடுங்க. இறக்கத்துல சின்னச் சின்ன அடியா வைங்க. தண்ணியைக் குறைக்க வேண்டாம்."

"இவ்வளவுதானா?"

"நிறையப் பேருக்கு இதுலயே நல்லாக் குறைஞ்சிடும். ரொம்ப நாளா இருக்கா உங்களுக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அந்தப் பயிற்சியை இவள் விடாமல் செய்தாள். சலவைக்கூடத்தில் மூச்சை விட்டபடி தூக்கப் பழகினாள். மாதங்கள் போகப் போகக் கசிவு குறைந்து, ஒரு கட்டத்தில் மறந்தே போனது. ஒரு ஞாயிறு, கணவனிடம் சொல்லிக்கொண்டு மலைக்குப் போனாள். உச்சியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

இறங்கும்போது சரளை, பாறை, நீளச் சரிவு எல்லாம் கடந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பாதி வழியில் கால் தானாக நின்றுவிட்டது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. எதிரே சிலர் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் போக ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.