வலது தோள்

என் வீட்டுக்காரருக்கு வாய் மட்டும்தான் பெரிது. கொரியாவின் தேகு நகரச் சந்தையில் எங்கள் பன்றிக்கறி சூப் கடைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் ஒரே மகன் மெங் தோயூலை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இருபத்து நான்கு வருஷமாக ‘பன்னிக்குட்டி’தான். பையன் குண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சூப்பும் சோறும் ஊட்டி வளர்த்தவளே நான்தானே. அதற்காக நாலு வாடிக்கையாளர் முன்னால் பிள்ளையின் கையிலிருக்கிற கிண்ணத்தைக் காட்டி, "போதும், கீழ வை" என்று ஒரு தகப்பன் சொல்லலாமா?

அந்தப் பையன் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மனுப் போட்டான். எடைச் சோதனையில் ஒருமுறை தோற்று, மறுமுறை மயிரிழையில் தேறினான். மூன்று வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று இவர் சந்தை முழுக்கச் சொல்லி வைத்தார். மூன்று வாரம் போனது, பத்து போனது, பதினாறும் முடிந்தது. நடுவில் தர வேண்டிய விடுமுறையைக் காய்ச்சல் பரவுகிறதென்று ரத்து செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போனில் பேசுவான். படம் அனுப்பச் சொன்னால் மழுப்புவான். சின்ன வயதிலிருந்தே கேமராவைக் கண்டால் ஓடுகிறவன்தான். அகாடமிக்காரர்கள் போட்ட கூட்டுப் படங்களில் எல்லோரும் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஹெல்மெட்டோடு நின்றார்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருப்பதிலேயே பருத்த உருவத்தின் மேல் விரலை வைத்து, "இதோ நம்ம ஆளு" என்பார். நானும் ஆமாம் என்பேன்.

பதவியேற்கிற நாளில் தோளில் மாட்டுகிற பதவிப் பட்டைகளை அப்பா அம்மாதான் போட்டுவிட வேண்டும். இடது தோள் உனக்கு, வலது தோள் எனக்கு என்று இவரே பங்கு பிரித்துவிட்டார். விடியுமுன்னே எழுந்து, கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஒரு காலத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். பஸ்ஸில் வழிநெடுக எனக்குப் பாடம் நடத்தினார். இரண்டு தோளிலும் பட்டை ஏறும்வரை பையன்கள் அசையக் கூடாதாம், கண்ணைக்கூடத் திருப்பக் கூடாதாம்.

"யாராவது பேரச் சொன்னாலோ, திடீர்னு மேல கை பட்டாலோ, உடனே நம்பரயும் பேரயும் கத்தணும். தூக்கத்துல தொட்டாக்கூட வாய் தானா கத்தும்" என்றார். அவர் குரலில் அப்படியொரு பெருமையை நான் அதுவரை கேட்டதில்லை.

மைதானத்தில் நானூறு பேர். குடும்பங்கள் இறங்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் ஜனம் ஓடியது. சட்டையில் பெயர் இருந்தது. மற்றவர்களெல்லாம் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனார்கள். நாங்கள் படிக்கவில்லை. எங்கள் பிள்ளை தூரத்திலேயே தெரிவானே, படிப்பானேன்? தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட முகங்களை விட்டுவிட்டு, இடுப்பைப் பார்த்துக்கொண்டே போனோம். முதல் வரிசையிலிருந்து கடைசிவரை ஒருமுறை. திரும்ப ஒருமுறை. சுற்றிலும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். குண்டாக ஒருவனும் இல்லை.

கையிலிருந்த கிம்பாப் சோற்றுருளை டப்பா திடீரென்று கனத்தது. ஆபீசில் போய்க் கேட்கலாம் என்றேன். இவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"கேக்க என்ன இருக்கு? பன்னிக்குட்டி ஓடிப் போயிருப்பான். எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வழியில் ஒல்லியாய், கறுத்துப்போய் நின்றிருந்த ஒரு பையனின் தோளில் கை வைத்து ஓரமாக ஒதுக்கினார்.

"நூத்தி முப்பத்தேழாம் நம்பர் பயிற்சி வீரன், மெங் தோயூல்!"

காது கிழியக் கத்தினான் அந்தப் பையன். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் இடது காதின் கீழே, நாலு வயதில் சூப் கொட்டிய தழும்பு அப்படியே இருந்தது. நான் பெற்ற பிள்ளை. இரண்டு தடவை அவன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போயிருக்கிறேன், பாவி. அவர் சொன்ன சொல்லையும் அவன் அசையாமல் நின்று கேட்டிருக்கிறான்.

இவர் தொட்ட கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு பைக்குள் துழாவி வலது தோளுக்கான பட்டையை எடுத்தார்.

தோயூலின் கண் நேராக எதிரேயே இருந்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"அம்மாவே ரெண்டையும் போடட்டும்."

நான் இடது தோளில் மாட்டினேன். என்னை மன்னிச்சிடுடா, நானும் குண்டுப் பையனைத்தான் தேடினேன் என்றேன். அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி இல்லை. நான் துடைத்துவிட்டேன். வரிசையில் பாக்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஒரு தோள் வெறுமையாக, இவன் மட்டும் நின்றான்.

இவர் பட்டையை என்னிடம் நீட்டினார். எனக்கு வந்ததே கோபம்.

"நான் போட மாட்டேன். உங்க வாயால வந்தது, நீங்களே பாருங்க" என்றேன்.

சந்தையையே வாயால் அளக்கிற மனுஷன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகனின் சட்டையில் இருந்த பெயரை, அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"தோயூல்" என்றார்.

அவன் அப்பா என்று சொல்வான் என நினைத்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஒரு அடி முன்னால் வந்தார்.

"நூத்தி முப்பத்தேழாம் நம்பர் பயிற்சி வீரன், மெங் தோயூல்!"

முன்பின் தெரியாத ஒரு மேலதிகாரிக்குச் சொல்வதுபோல, அவர் முகத்துக்கு நேரே கத்தினான். இவர் அடி வாங்கியவர்போல நின்றார். பிறகு பட்டையை அவன் வலது தோளில் வைத்தார். பித்தானைப் போட அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை.