நேற்று என்ன நடந்தது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த லிஃப்ட் நின்றாலும் கை நடுங்காது. நேற்று நடந்ததை இங்கிலீஷில் சொல் என்றால் மட்டும் நாக்கு இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இருபது வருஷம் உழைத்தவருக்கு சூப்பர்வைசர் பதவி இப்போதுதான் கைக்கு எட்டியிருந்தது. ஆனால் சூப்பர்வைசர் தினமும் காலையில் மேனேஜரம்மா முன்னால் நின்று, முந்தின நாள் நடந்ததை இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை அதற்குத்தான் பரீட்சை. தேறாவிட்டால் போன வருஷம் வந்த டை கட்டிய ஆசாமி அவர் தலைக்கு மேல் உட்கார்ந்துவிடுவான்.

மனைவி வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பாடம் நடத்த அவளே முன்வந்தாள்.

"தினமும் நேத்து நடந்ததைப் பத்து வரி சொல்லுங்க. நான் இங்கிலீஷ்லயே குறுக்கு விசாரணை பண்ணுவேன்."

"ஓப்பன் ஓப்பண்ட் ஆச்சுன்னா, கோ கோவ்ட் ஆகறதுதானே நியாயம்? வென்ட் எங்கேருந்து வந்துச்சு?"

"நியாயம் கேக்கற இடம் கோர்ட்டு. இங்க சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுங்க."

மூன்று நாள் ஒரே பத்து வரி. எழுந்தேன், குளித்தேன், போனேன், கிரீஸ் போட்டேன். அவளுக்கு அலுத்துவிட்டது. புதிதாகச் சொல்லச் சொன்னாள். லிஃப்டுக்குள் குரங்கு புகுந்ததாக ஒன்றை எடுத்துவிட்டார். எந்த மாடி, யார் பிடித்தார்கள், எதில் பிடித்தார்கள் என்று அவள் கேட்டாள். மூன்றாவது கேள்வியிலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. பொய் சொல்ல இங்கிலீஷ் நன்றாக வரவேண்டும். அவருக்கு உண்மை சொல்லும் அளவுக்குத்தான் வந்தது.

வம்பே அதில்தான் இருந்தது. அவளுடைய அண்ணன் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். அம்மாவின் தையல் மிஷினை இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் பெயரை எடுத்தாலே வீட்டில் இடி விழும். மெக்கானிக்கோ லிஃப்ட் பார்க்கும் சாக்கில் தினமும் அங்கே போய் மச்சானோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த லிஃப்டுக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாய் தவறி அந்தக் கட்டடத்தைச் சொல்லிவிட்டார். லிஃப்டுக்கு என்ன கோளாறு என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். பிறகு ஏன் போனீர்கள்? டீ குடித்தேன். யாரோடு?

தமிழில் என்றால் பத்து வழியில் நழுவியிருப்பார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது ஒரே வழி.

"வித் யுவர் பிரதர்."

அவள் நோட்டை மூடினாள். பதவியும் போச்சு, நாளைக் காலைக் காபியும் போச்சு என்று அவர் உட்கார்ந்திருந்தார். அவள் மூடிய நோட்டைப் பார்த்தபடியே தமிழில் கேட்டாள்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"தினமும் கேக்கறான்."

"இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"ஹி ஆஸ்க்ட். எவ்ரிடே."

"உச்சரிப்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனாள்.

வியாழக்கிழமை மேனேஜரம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்து, நேற்று என்ன நடந்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். சொல்வதற்கென்று மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று லிஃப்ட் ரிப்பேரும் மறந்துபோயின. நினைவில் நின்றது ஒன்றுதான். தையல் மிஷின் சண்டையிலிருந்து அதையே சொல்ல ஆரம்பித்தார்.

நேற்று என் மனைவி அந்தக் கட்டடத்துக்குப் போனாள். அவள் அண்ணன் பார்வையாளர் நோட்டை நீட்டினான். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அவள் 'வாட்ச்மேன்' என்று எழுதினாள். அவன் அதை இரண்டு தடவை படித்தான். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றான். அரை மணி நேரம் திட்டினாள், நின்றபடியே வாங்கிக்கொண்டான். பிறகு அவன் சட்டைக் காலர் கிழிந்திருப்பதைப் பார்த்து, கொடு, தைத்துத் தருகிறேன் என்றாள். அந்த மடையன், எந்த மிஷினில் என்று கேட்டுவிட்டான்.

எத்தனை வினைச்சொல் தடுக்கி விழுந்தது என்று இருவருமே எண்ணவில்லை. மேனேஜரம்மாவின் பேனா மேஜையில் கிடந்தது.

"ஐயையோ! அப்புறம்?" என்றாள், தமிழில்.

"கையாலதான்னு சொன்னா மேடம். நாளைக்குச் சாயங்காலம் சட்டையோட வீட்டுக்கு வான்னுட்டு வந்துட்டா."

"இன்னைக்குத்தானே அது? வருவாரா?"

"தெரியலையே மேடம். இனிமேதான் நடக்கணும்."

அவள் பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குக் காலைல சரியா ஒன்பது மணிக்கு இங்க நிக்கணும். சூப்பர்வைசர் லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."