கறிகாய்க்காரருக்குத் துணை

நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற அந்த வகுப்புக்கு நான் போனதற்குக் காரணம் பரோபகாரம் அல்ல. வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. எங்கள் அசோசியேஷன் ஹாலில் ஏசி உண்டு. அவ்வளவுதான்.

மேசைமேல் மூன்று பொம்மைகள் படுத்திருந்தன. பெரிய ஆள் ஒன்று, பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று. சொல்லிக்கொடுக்க வந்தவன் நல்ல பொறுமைசாலி. பெரியவர்களுக்கு ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல், நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். பிள்ளைக்கு ஒரு கை போதும், கைக்குழந்தைக்கு இரண்டு விரல். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. விலா எலும்பு முறிந்தாலும் கையை எடுக்காதே என்றான். எல்லாவற்றுக்கும் முன்னால் உதவிக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் பொதுவாகக் கத்தாமல் ஒரு ஆளைச் சுட்டிக்காட்டி “நீ போன் செய்” என்று சொல்ல வேண்டும் என்றான். பொதுவாகக் கத்தினால் ஊரே நின்று வேடிக்கை பார்க்குமாம். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து அறுபத்துமூன்று வருஷமாக இங்கேயே இருக்கிற எனக்கு இது ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கையைத் தூக்கினேன். “ஆத்துல தனியா இருக்கறவா யாரைக் காட்டறது?” என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் புரிந்தது. சிரித்துக்கொண்டே, “வாதில் குற்றியிடாதிருந்தா மதி, சேச்சி” என்றான். கதவைத் தாழ் போடாமல் இருந்தால் போதுமாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் பாக்கியலக்ஷ்மி. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் நடக்கவில்லை, அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கூட இருந்த அண்ணா, மகன் வீட்டோடு ஆலுவாவுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வீட்டில் என் குரலை நானே கேட்பது தும்மும்போதுதான்.

மிச்சம் இருந்தது கறிகாய்க்காரர். தென்காசிப் பக்கத்து ஆள். காலையில் எங்கள் சந்து முனையில், சுதீரின் சாயாக்கடைக்கு எதிரே தள்ளுவண்டியை நிறுத்துவார். நான் வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பேன். அவர் கத்துவார். “மாமி, நீங்க ஒடிச்சுப் போட்டதை நான் யாருகிட்ட விக்கதுக்கு?” “முத்தலைக் கொண்டுவந்து என் தலையில கட்டப் பாக்கறேளா?” இப்படித்தான் போகும். சண்டை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். பல நாட்களில் நான் வாயைத் திறந்து பேசிய பேச்சு அது ஒன்றுதான். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வகுப்பு முடிந்த மறுவாரம் அது நடந்தது. நான் ஒரு வெண்டைக்காயை ஒடித்துவிட்டு அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், தராசைப் பிடித்தபடியே அவர் வெங்காய மூட்டைமேல் சரிந்துகொண்டிருந்தார்.

தோளைத் தட்டினேன், உலுக்கினேன். கண் திறக்கவில்லை. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “ச்வாசம் உண்டல்லோ” என்றார் ஒருவர். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து இழுத்தது. கரையில் போட்ட மீன் செய்வது போன்ற அந்த இழுப்பு மூச்சே அல்ல என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மூட்டையிலிருந்து இழுத்துத் தரையில் மல்லாத்தினேன். “சுதீரே, நீ! நீதான்! நூத்தியெட்டுக்கு விளி!” என்றேன். கையிலிருந்த பாலைக் கீழே வைத்துவிட்டு அவன் போனை எடுத்தான்.

அழுத்த ஆரம்பித்தேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த மனுஷர் நகரவில்லை. உள்ளங்கைக்கடியில் ஏதோ மளுக்கென்றது. கையை எடுக்கவில்லை. முப்பது ஆனதும் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினேன். கடைக்காரர் தொட்ட கறிகாயை மூன்று தண்ணீரில் அலம்புகிறவள் நான். வெற்றிலை மணம் வந்தது. மறுபடி நெஞ்சில் கை வைத்தபோது, ஒரு மனித உடம்பை நான் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது. அந்த நேரத்தில் தோன்ற வேண்டிய எண்ணமா அது? ஆனால் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. செத்துப் போகாதேயும், நாளைக்கு நான் யாரோடு சண்டை போடுவேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

கை ஓய்ந்தபோது சுதீரை உட்காரவைத்து, இடம் காட்டி அழுத்தச் சொன்னேன். அவன் ஓய்ந்ததும் நான். ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் கருவியை ஒட்டி ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள். நாடி கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்டமும் கலைந்தது. அவர் பிழைத்தாரா, இல்லையா? அதை எனக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே போனேன்.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஸுப்ரியா என்ற நர்ஸ் நின்றிருந்தாள். “பேஷன்டின்டெ பேரெந்தா?” என்று கேட்டாள். அத்தனை வருஷம் வெண்டைக்காயை ஒடித்தவளுக்கு அவர் பெயர் தெரியாது. வண்டியின் பக்கவாட்டில் மலையாளத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. “சேவியர்” என்றேன். அடுத்த கேள்வி, “பைஸ்டாண்டர் ஆரா?”

இங்கே எந்த ஆஸ்பத்திரியானாலும் நோயாளிக்குத் துணையாக ஒரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, கூப்பிட்டால் எழுந்து வர. அந்த ஆளுக்குப் பெயர் பைஸ்டாண்டர், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் உண்டு. அந்த ஆள் இல்லாவிட்டால் தகவலும் இல்லை. “ஞான்தன்னே” என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

என் போன் நம்பரைக் கொடுத்து, பாஸை மாட்டிக்கொண்டு, வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். உயிர் இருக்கிறது, மயக்கம் தெளியவில்லை என்றார்கள். வைப்பின் தீவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குச் சாயா ஊற்றினாள். யாருக்கு என்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். குளிக்க மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தேன். “சேவியரின்டெ பைஸ்டாண்டர்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் விழுந்தடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. ஒருவருக்காக என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

ஒரு காலையில் உள்ளே அமர்க்களம். பெயரைப் பார்த்துவிட்டுப் பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு ஜெபம் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவர் கண் விழித்து, “சாமி, நான் பிச்சை. சேவியரு வண்டிக்கு ஓனரு” என்றாராம். பாதிரியார் முழு ஜெபத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார். என்னை உள்ளே விட்டார்கள். நான் கட்டிலருகே நின்றேன். அவர் பார்த்தார்.

“மாமி, நெஞ்செலும்ப ஒடிச்சுப்புட்டியளே.”

“வெண்டைக்காயை ஒடிக்கும்போதே தெரிஞ்சிருக்கணும்” என்றேன். வெளியே வந்து அழுதேன்.

அவர் சொன்ன நம்பருக்குப் போன் செய்ததும் நான்தான். மறுநாளே மனைவி வந்துவிட்டாள். பேச்சி என்று பெயர். கையில் கட்டைப்பை, முகமெல்லாம் வீங்கியிருந்தது. என் காலில் விழப் போனாள், தடுத்தேன். “நீங்க மட்டும் இல்லைன்னா எங்க குடும்பமே இல்லம்மா” என்றாள். பிறகு ஸுப்ரியா வந்து, ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான் என்றாள். நான் கழற்றிக் கொடுத்தேன். “நீங்க வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்கம்மா. இனி நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் பேச்சி. அன்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. அவருக்கு ஒருத்தி இருப்பாள் என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. வைப்பின் அம்மாளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினேன்.

வீட்டில் ஒரு டம்ளர் அரிசி போட்டு வடித்தேன். தின்னப் பிடிக்கவில்லை. சாயங்காலம் போன் அடித்தது.

“பிச்சையின்டெ பைஸ்டாண்டர் அல்லே? ஒரு மருந்நு வேணம், வேகம் வரணே.”

“தோ வரேன்” என்று சாவியை எடுத்து, ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. “ஸுப்ரியா, அவரோட சம்சாரம் அங்கேயேதான் இருப்பா. பேச்சின்னு பேர் சொல்லி விளிச்சா வந்துடுவா.”

“அய்யோ, ஞான் மறந்நு. அப்போ சேச்சியுடெ நம்பர் வெட்டட்டே?”

என் நம்பரை அடித்துவிடட்டுமா என்கிறாள். மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.

“வெட்டண்டா, மோளே. அவளோடதை மேலே எழுதிக்கோ. என்னோடது ரெண்டாவதா கீழே கிடக்கட்டும்.”