எல்லைக் கொடியில் நின்ற குதிரை

சனிக்கிழமை மத்தியானம் ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் போலீஸ் உடுப்பில் நின்று அபி விசில் ஊதிக்கொண்டிருந்தாள். ஆடி மாதம், நல்ல சாரல், வரிசையை மதிக்காத கூட்டம். காலை ஆறு மணியிலிருந்து ஊதி ஊதி உதடு மரத்துப்போயிருந்தது. தலை நிறைய எண்ணெயோடு ஓர் அம்மாள், "ஒரே ஒரு நிமிசம் தலையக் காட்டிட்டு வந்திருதேன்" என்று மூன்றாம் முறையாக உள்ளே நுழையப் பார்த்தபோதுதான், கயிற்றுக்கு வெளியே நின்ற ஓர் ஆள் நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார்.

"மேடம், எம் பேரு நாசர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல டெம்போ ஓட்டுதேன். முத்துராமலிங்கம் அண்ணாச்சி மக நீங்கதான?"

அபி விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமா. அப்பாவுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு. உங்க ஸ்கூட்டரோட ஆர்.சி. புக்கு வேணும்."

"எதுக்கு?"

நாசர் சங்கடத்தோடு அருவியைப் பார்த்தார். "பந்தயத்துல தோத்துட்டாரு மேடம். சாவியக் கையில குடுத்துட்டாரு."

அன்று காலைதான் அப்பா, "வண்டிய சர்வீசுக்கு விட்டுட்டு வந்திருதேன்" என்று தானாகக் கேட்டு வாங்கிப்போயிருந்தார். அப்பா தானாக ஒரு வேலையைச் செய்ய முன்வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அபி தன்னையே நொந்துகொண்டாள்.

முத்துராமலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. ராணுவத்தில் பதினேழு வருஷம் மலைமுகாம்களுக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப்போகிற பிரிவில் இருந்தவர். ஓய்வுபெற்றுத் தென்காசிக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு விளையாட்டுதான் உயிர். கபடி எங்கே நடந்தாலும் போவார். கிரிக்கெட் ஓடினால் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டேதான் பார்ப்பார். ஆனால் குதிரை வண்டிப் பந்தயம் என்றால் மட்டும் மடியில் இருப்பதை எடுத்துக் கட்டாமல் இருக்க முடியாது. "குதிரையப் பத்தி எனக்குத் தெரியாதாட்டி?" என்பார். "நீங்க பாத்தது கழுதைப்பா" என்பாள் அபி. இந்தப் பேச்சு பத்து வருஷமாக நடக்கிறது.

சுரண்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக இரண்டு நாள் பந்தயம். சனிக்கிழமை சின்னக் குதிரை, ஞாயிற்றுக்கிழமை பெரிய குதிரை. முதல் ஓட்டத்தில் அப்பா ஐந்நூறு ரூபாய் ஜெயித்திருக்கிறார். இரண்டாவதில் கையிலிருந்த எல்லாம் போயிற்று. மூன்றாவதில் நாசர் இருபதாயிரம் வைக்க, அப்பா ஸ்கூட்டரை வைத்திருக்கிறார்.

"வண்டி எம் பேர்ல இருக்கு. அத வைக்க அவரு யாரு?" என்றாள் அபி.

"அது எனக்கும் தெரியும் மேடம். ஆனா பத்துப் பேரு முன்னால மீசையத் தொட்டுச் சொன்னாரு. நான் தோத்திருந்தா நானும் குடுத்திருப்பேன்லா?"

அவரைப் பிடித்து உள்ளே வைக்கலாம். வைத்தால் அப்பாவையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். காசு கட்டிப் பந்தயம் ஆடுவது குற்றம் என்று மகளுக்குத் தெரிந்த அளவுக்கு அப்பாவுக்கும் தெரியும். "திங்கக்கெழம பேசிக்கிடலாம், இப்பப் போங்க" என்று நாசரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், எண்ணெய்த் தலை அம்மாள் அருவிக்கு அடியில் நின்று சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அபி வீடு திரும்பியபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அதுவும் தானாக. அம்மா வள்ளித்தாய் அடுக்களையிலிருந்து, "நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேன். இனி உம் பாடு" என்றாள்.

"எப்பா, நாளைக்கு எங்கயும் போகக்கூடாது."

"போகல."

"கொடை பந்தோபஸ்துக்கு எங்க ஸ்டேசன்ல இருந்து என்னையத்தான் போட்டிருக்காவ. அங்கன உங்களப் பாத்தேன்னா..."

"போகலன்னு சொல்லுதேம்லா."

"அம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

"என்னைய எதுக்குட்டி இழுக்க? நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்" என்றாள் வள்ளித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை அபிக்கு எல்லைக் கொடியில் வேலை. வண்டிகள் ஊருக்குள்ளிருந்து கிளம்பி நாலு மைல் ஓடி வந்து, தார்ச்சாலை நடுவே நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பிப்போக வேண்டும். பந்தய வண்டிகளின் பின்னால் பைக் ஓட்டி வரும் இளவட்டங்களைத் தடுப்பதுதான் அவளுக்கிட்ட பணி. கமிட்டிக்காரர் ஒருவர் கொடிக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் விதிகளைச் சொன்னார். வண்டி ஓட்டுகிறவரும் துணையாளும் தவிர வேறு யார் கை பட்டாலும் அந்தக் குதிரைக்குப் பரிசு கிடையாது.

ஒன்பது மணிக்கு அவள் நிமிர்ந்து பார்த்தால், சாலையோரப் பனைமரத்தடியில் அப்பா. பக்கத்தில் நாசர். ஸ்கூட்டரும் நின்றது.

அபி வேகமாகப் போனாள். "என்னப்பா இது?"

"பாக்கத்தான் வந்தேன்" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

"பாக்க மட்டுமா?"

பதில் நாசரிடமிருந்து வந்தது. "பெலிக்ஸ் அண்ணாச்சி குதிரை ஜெயிச்சா வண்டியத் திருப்பிக் குடுத்திரணும். தோத்தா மூணு மாசம் மார்க்கெட்டுல எனக்கு லோடு ஏத்துதேன்னு சொல்லிருக்காரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மேடம். கேக்க மாட்டேங்காரு."

"இந்த வயசுலயா? மூட்டை தூக்கவா?"

"தூக்க வேண்டி வராதுட்டி. பெலிக்ஸ் செவலைய நீ பாக்கலயே. நெஞ்சு எப்படி இருக்கு தெரியுமா?"

அபி பல்லைக் கடித்தாள். அவரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் தூரத்தில் கூச்சல் கேட்டது. ஓட்டம் கிளம்பிவிட்டது. அவள் தன் இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

அப்பா சொன்னது பொய்யில்லை. சுரண்டை பெலிக்ஸின் செவலைக் குதிரை மற்ற நாலு வண்டிகளையும் அரை மைல் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக வந்தது. சாலை அதிர்ந்தது. அபியே ஒரு நிமிஷம் விசிலை மறந்து பார்த்தாள். குதிரை கொடியை நெருங்கியது, வேகம் குறைந்தது, இடப்பக்கம் திரும்பப்போனது, அப்படியே நின்றுவிட்டது.

ஓட்டி வந்தவன் கடிவாளத்தை இழுத்தான். குதிரை தலையை உதறியது. துணையாள் குதித்து இறங்கி முன்னால் போய் இழுத்தான். குதிரை பின்வாங்கி வண்டியைச் சாலையோரப் பள்ளத்துக்குக் கொண்டுபோயிற்று. சாட்டை விழுந்தது. இரண்டு, மூன்று, நாலு. தூரத்தில் அடுத்த வண்டியின் தூசி தெரிந்தது. கமிட்டிக்காரரின் கண் அந்தப் பக்கம் போனது. அதே சமயத்தில் இரண்டு பைக்குகள் குறுக்கே வர, அவர் கையை வீசிக்கொண்டு அவற்றை நோக்கி ஓடினார்.

அபி பார்த்தபோது அப்பா பனைமரத்தடியில் இல்லை.

அவர் கயிற்றைத் தாண்டிச் சாலைக்கு வந்திருந்தார். அவள் விசில் ஊதினாள். ஆயிரம் பேரை அருவியிலிருந்து வெளியேற்றிய விசில் அது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாட்டைக் கையைத் தள்ளிவிட்டுக் குதிரையின் வாய்க்கு அருகே போனார். எதையும் இழுக்கவில்லை. இடது பக்கக் கடிவாள வாரை ஒரு துளை தளர்த்தினார், இரும்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கழுத்தைத் தடவிக்கொடுத்து, "சலோ பேட்டா, சலோ" என்றார். அது ராணுவத்தில் அவர் கழுதைகளோடு பேசிய இந்தி. குதிரை மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் கையோடு அழகாக, வட்டமாகத் திரும்பியது. பிறகு பறந்தது.

ஊரில் அது முதலாவதாக வந்தது. இரண்டாவது குதிரை கண்ணுக்கே தெரியவில்லையாம்.

அரைமணி நேரத்தில் கமிட்டிப் பந்தலில் சண்டை. இரண்டாவதாக வந்த வண்டிக்காரர், வெளியாள் குதிரையைத் தொட்டார் என்று பிடித்துக்கொண்டார். எல்லையில் நின்றவர்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். மீதிப் பேர் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று கற்பூரம் அடிக்கத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஏதாவதொரு குதிரை மேல் காசு கட்டியிருந்தார்கள். கொடிக்கு நின்ற கமிட்டிக்காரர் தான் பைக்கைத் துரத்தியதை ஒப்புக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் கடைசியில் அபியைப் பார்த்தார். "நீங்க போலீஸ். உங்களுக்கு ஒரு பக்கமும் கிடையாது. சொல்லுங்கம்மா, யாராவது தொட்டாவளா?"

அபி நாசரைப் பார்த்தாள். அவள் யார் மகள் என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே வெளியாள் அவர். அவர் வாயைத் திறந்தால் போதும், இவள் சாட்சி செல்லாமல் போய்விடும். ஆனால் நாசர், "மேடம் என்ன சொல்லுதாங்களோ, அது எனக்குச் சம்மதம்" என்று கையைக் கட்டிக்கொண்டார். அந்த மனுஷன் மேல்தான் அவளுக்கு அப்போது அதிகக் கோபம் வந்தது. கொஞ்சம் அயோக்கியனாக இருந்து தொலைத்திருக்கலாம்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை. ஸ்கூட்டர் வந்துவிடும். இந்தக் கிழவன் மூட்டை தூக்க வேண்டாம். பெலிக்ஸின் குதிரை உண்மையில் ஜெயித்த குதிரைதான். யாருக்கும் பெரிய அநியாயம் இல்லை. பந்தலின் மூலையில் அப்பா நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டு அவளையே பார்த்தார். கெஞ்சுகிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்திலிருந்து எதையுமே அவள் கண்டுபிடித்ததில்லை.

"தொட்டாரு" என்றாள். "கடிவாளத்தத் தளத்திவிட்டாரு. எங்கப்பாதான்."

பந்தல் ஒரேயடியாகக் கத்தியது. பெலிக்ஸ், வெள்ளை வேட்டி மடித்துக் கட்டிய ஐம்பது வயதுக்காரர், அப்பாவின் முகத்துக்கு நேரே போய்க் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். அப்பா அசையாமல் வாங்கிக்கொண்டார். பெலிக்ஸுக்கு மூச்சு வாங்கியபோது, "உங்க குதிரைக்கு இடது கடைவாய் கிழிஞ்சிருக்கு. இரும்பு உரசுது. இடப்பக்கம் இழுத்தா உயிர் போகும் அதுக்கு. மொதல்ல அதப் பாருங்க" என்றார். பெலிக்ஸ் குதிரை கட்டியிருந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தார். பரிசு இரண்டாவது வண்டிக்குப் போயிற்று.

சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். அப்பாவிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அபிதான் எடுத்தாள்.

"ஓடுச்சு பாத்தியாட்டி" என்றார் அப்பா.

அவள் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீ மட்டும் இல்லன்னு சொல்லிருந்தேன்னு வையி, வாழ்நாள் பூரா உங்கூடப் பேசிருக்க மாட்டேன்."

அபிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? பேசாம இருப்பியன்னு தெரிஞ்சா இல்லன்னே சொல்லிருப்பேன்."

முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை அபிக்கு அந்த மூட்டை நினைப்புதான். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஏறினாலே பிடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை விடியுமுன் அவர் ராணுவத்துப் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு பாவூர்சத்திரம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். வள்ளித்தாய் தடுத்துப் பார்த்தாளாம். "வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாராம். அபிக்கு அன்றும் ஐந்தருவிதான். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். வரிசையை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் ஒரு கிழவன் தக்காளிப் பெட்டியோடு தடுமாறுவது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. மத்தியானம் போய்க் கூட்டி வந்துவிட வேண்டும், நாசரிடம் எதையாவது பேசி முடிக்க வேண்டும் என்று முடிவுசெய்தாள்.

பதினோரு மணிக்கு நாசரே கூப்பிட்டார். குரல் பதறியது.

"மேடம், உங்கப்பாவ வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

"என்னாச்சு? விழுந்துட்டாரா?"

"விழுந்தாத்தான் பரவாயில்லயே. நான் ஒரு பெட்டிகூடத் தூக்க விடல. நெழல்ல உக்காருங்க அண்ணாச்சின்னு சொன்னேன், பெரிய மனுசன்னு பாத்து. உக்காந்த இடத்துல, சுரண்டை பஸ்சு முந்தி வருமா ஆலங்குளம் பஸ்சு முந்தி வருமான்னு பந்தயம் ஆரம்பிச்சிருக்காரு. இப்ப லோடு ஏத்துத பயலுவ அம்புட்டுப் பேரும் ரோட்டுல போயி நிக்கானுவ. பாதிக் கத்தரிக்கா கீழ கெடக்கு. கேரளா லாரிக்காரன் ஆரன் அடிச்சுக் கொல்லுதான்." நாசர் மூச்சு விட்டார். "ஸ்கூட்டரு வேண்டாம் மேடம். ஒண்ணும் வேண்டாம். சாவி இந்தா எங் கையில இருக்கு. அவரக் கூட்டிட்டு மட்டும் போயிருங்க."

அபி அருவியைப் பார்த்தாள். தண்ணீர் ஐந்து பிரிவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக அவள் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது.

"ஸ்கூட்டர ஸ்டேசன் வாசல்ல விட்டுருங்க அண்ணாச்சி. அது எம் பேர்ல உள்ள வண்டி, பந்தயத்துல வராது."

"சரி மேடம், விட்டுருதேன். அண்ணாச்சிய?"

"அவரு குடுத்த வாக்கு அவரோடது. அதுல நான் தலையிட முடியாது. மூணு மாசம்னு பேசுனது நீங்க ரெண்டு பேருந்தான?"

"மேடம்! மேடம்!"

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் விசிலை எடுத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ வரிசையை மீறி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.